இரண்டு இடது காதுகள்

உலகத்திலேயே மிகக் கூர்மையான காது, பேருந்து நிலையத்துக்குப் பின்னால் மூன்றாவது தெருவில், தகரக் கூரை போட்ட ஒரு பட்டறையில், ஒரு மெக்கானிக்கின் தலைக்கு இரு பக்கமும் ஒட்டிக்கொண்டிருந்தது. இதை அவரே சொன்னார். அதனால் வேறு சாட்சி தேவைப்படவில்லை. வாசலில் தொங்கிய நீலப் பலகையில் 'மோட்டார் ஒர்க்ஸ்' என்று பெரிதாக எழுதி, அதன் கீழே 'கேட்டுச் சொல்லப்படும்' என்று அதைவிடப் பெரிதாக எழுதியிருந்தார். மற்ற மெக்கானிக்குகள் வண்டியைப் பிரித்துப் பார்ப்பார்கள். இவர் நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை இன்ஜின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பில் அழுத்தி, கண்ணை மூடிக்கொள்வார். வண்டிக்காரர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். கண்ணைத் திறந்ததும் நோயைச் சொல்வார், அது சரியாக இருக்கும். ஒருமுறை சலூனில் பாதி மீசை எடுத்த நிலையில், தெருமுனையில் திரும்பிய பஸ்ஸின் பின்சக்கரத்தில் மூன்றாவது நட்டு லூசாக இருப்பதாகச் சொன்னார். ஓடிப்போய்ப் பார்த்தார்கள், இருந்தது. இன்னொரு முறை, கைமாறி வந்த ஒரு காரைக் கேட்டுவிட்டு, பழைய சொந்தக்காரர் விட்ட பெருமூச்சு இன்னும் ஏர் ஃபில்டரில் சிக்கியிருக்கிறது என்றார். ஃபில்டரைக் கழற்றித் தட்டியபோது அது வெளியே வந்து, பட்டறையில் நின்ற நான்கு பேரையும் சிறிது நேரம் காரணமில்லாமல் வருத்தப்பட வைத்துவிட்டுத் தெருவோடு போனது. கார் அதற்குப் பிறகு லிட்டருக்கு ஒன்றரை கிலோமீட்டர் கூடுதலாக ஓடியது.

அவருடைய மனைவிக்குக் கை சும்மா இருக்காது. மகள் வெளியூருக்குப் படிக்கப் போன வருஷம், சமையலறை ஜன்னலோரம் இருந்த அவளுடைய படிப்பு மேசை காலியானது. காலி மேசையை இரண்டு வாரத்துக்கு மேல் அந்த அம்மாளால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. பட்டறையில் ஒரு பிஸ்கட் டின் இருந்தது. தூக்கிப்போட மனம் வராத குப்பையெல்லாம் அதற்குள் போகும்: தேய்ந்த பேரிங் குண்டுகள், கார்புரேட்டரிலிருந்து கழற்றிய பொடிப் பித்தளைத் துண்டுகள், வாஷர்கள், கருகிப்போன டைனமோவிலிருந்து உரித்த செப்புக் கம்பி. அந்த டின்னை வீட்டுக்கு எடுத்து வந்து, எல்லாவற்றையும் சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, பல்பொடி போட்டுத் தேய்த்தார். ஊசி மூக்குக் குறடு ஒன்றையும் வெட்டுக் குறடு ஒன்றையும் கணவரிடம் கேட்காமலே எடுத்துக்கொண்டார். எட்டு நாள் கழித்து, ஒரு வாஷருக்குள் ஒரு பேரிங் குண்டு, குண்டைச் சுற்றிச் செப்புக் கம்பியில் ஒரு சுழி, மேலே ஒரு கொக்கி என்று இரண்டு தொங்கட்டான்கள் பிறந்தன. மேசையில் வைத்தால் இரண்டும் அச்சில் வார்த்தது போல ஒரே மாதிரி இருந்தன. கோளாறு அங்கேதான். தொங்கட்டான் செய்கிறவர்கள் எல்லோரும் முதல் ஜோடியில் செய்யும் தப்பு அது. ஒன்றின் கொக்கியை இந்தப் பக்கம் வளைத்தால் மற்றதை அந்தப் பக்கம் வளைக்க வேண்டும், கண்ணாடியில் பார்ப்பது போல. அந்த அம்மாள் இரண்டையும் ஒரே பக்கம் வளைத்திருந்தார். இடது காதில் மாட்டினால் ஒழுங்காக இருக்கும். வலது காதில் மாட்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்டு முதுகுப் பக்கம் பார்க்கும்.

மெக்கானிக் அதை விரல் நுனியில் தூக்கிப் பார்த்தார்.

"என்னது இது, செத்த கரப்பான்பூச்சியா?"

"தொங்கட்டான்."

"ரெண்டும் ஒரே பக்கம் பார்க்குதே! ரெண்டு இடது காது இருக்கற ஆளா பார்த்துப் பிடிக்கணும் நீ."

"கிடைச்சா மாட்டி விடறேன்," என்று சொல்லிவிட்டு, மனைவி அந்த ஜோடியைச் சமையலறைச் சுவரில் காலண்டர் தொங்கும் ஆணியில் மாட்டினார். காலண்டர்கள் வருஷத்துக்கு ஒன்று மாறின. தொங்கட்டான் அங்கேயே இருந்தது.

இரண்டாவது ஜோடி சரியாக வந்தது. மூன்றாவதைப் பக்கத்து வீட்டு நர்ஸ் வாங்கிக்கொண்டார். பத்தாவது ஜோடி ஆனபோது மெக்கானிக்கின் நக்கல் வீட்டுச் சுவரைத் தாண்டிப் பட்டறைக்கு எதிரே இருந்த டீக்கடைக்கு வந்து சேர்ந்தது. "நான் குப்பைன்னு எறியறதை ஊர்ப் பொம்பளைங்க காதுல மாட்டிட்டு அலையுதுங்க. நாளைக்கு சைலன்சரை மூக்குல மாட்டுவாங்க போல," என்றார். கூட்டம் சிரித்தது. கூட்டம் சிரித்தால் அவருக்கு ஒரு கியர் கூடும். எழுந்து நின்றார். "கேட்டுக்குங்க. இந்தக் கம்பியை நான் ஒரு நாள் வளைச்சாலோ, வளைச்சதைக் காதுல மாட்டினாலோ, கடைப் பலகையைத் திருப்பி மாட்டிடறேன். எழுதி வச்சுக்குங்க!" டீக்கடைக்காரர் சொன்னதைச் செய்கிற மனுஷர். உள்சுவரில் சாக்பீஸால் அதை அப்படியே எழுதி வைத்தார்.

அந்தத் தொங்கட்டான்களை மாட்டியவர்களுக்கு நன்றாகக் காது கேட்டது. முதலில் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, ஏனென்றால் எல்லோருக்கும் முன்பே காது கேட்டுக்கொண்டுதான் இருந்தது. ஆனால் நர்ஸ், ஊசி போட நரம்பைத் தேடித் தட்டுவதை நிறுத்திவிட்டார். ரத்தம் ஓடும் சத்தத்தை வைத்தே நேராகக் குத்தினார். ஆஸ்பத்திரியில் குழந்தைகள் அழுவது பாதியாகக் குறைந்தது. தலைமை ஆசிரியை கடைசி பெஞ்சின் கிசுகிசுப்பைத் தன் அறையில் உட்கார்ந்து கேட்டார். சில மாதங்களில், தெரிந்த விடையைச் சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளின் தொண்டையில் அந்த விடை முட்டி நிற்கும் சத்தமும் கேட்க ஆரம்பித்தது. அப்படிப்பட்டவர்களைத் தேடிப்போய் எழுப்பிவிட்டார். ரொட்டிக்கடை அம்மாள் மாவு உப்புவதைக் கேட்டு அடுப்பை மூட்டினார். அந்தக் கடையில் அதற்குப் பிறகு ஒரு ரொட்டிகூடக் கருகவில்லை.

தையற்காரரின் அக்காவுக்கு நடந்ததுதான் ஊரைப் பேச வைத்தது. எட்டு வயதில் ஒரு காய்ச்சலில் காது முற்றிலும் போனவர் அவர். நாற்பத்து நான்கு வயது வரை தம்பியின் கடையில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். நிறம் பிடித்துப்போய் ஒரு ஜோடி வாங்கி மாட்டிக்கொண்டார். மாட்டிய கணத்தில், மூன்றடி தள்ளி ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷின் முப்பத்தாறு வருஷ மௌனத்தையும் சேர்த்துவைத்து ஒரே மூச்சில் அவர்மேல் பாய்ந்தது. மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. அவர் முன்னால் எதை வேண்டுமானாலும் பேசலாம் என்று பழகிப்போன குடும்பம் அது. மூன்று நாள் அமைதியாக இஸ்திரி போட்டபடி எல்லாவற்றையும் கேட்டார். நான்காம் நாள் காலையில் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, "நான் ஒண்ணும் அவ்வளவு சாப்பிடறதில்லை," என்றார். தையற்காரர் அன்றைக்குத் தைத்த சட்டைக்கு மூன்று கை இருந்தது.

இதெல்லாம் நடந்துகொண்டிருந்த வருஷங்களில் உலகத்திலேயே மிகக் கூர்மையான காது ஓரம் தேய ஆரம்பித்திருந்தது. முதலில் கொசுக்கள் போயின. மெக்கானிக் அதைக் கொசு மருந்தின் வெற்றி என்று நினைத்தார். பிறகு பாத்திரங்கள் ஒன்றோடொன்று இடிக்காமல் பழகிக்கொண்டன. பிறகு போன் அடிப்பதை நிறுத்தியது. மகள் அழைத்து அழைத்துச் சலித்து, அம்மாவின் போனுக்குக் கூப்பிடத் தொடங்கினாள். மனைவி பின்னாலிருந்து பேசினால் அவர் திரும்புவதில்லை. முகத்தைப் பார்த்துப் பேசினால் மட்டும், உதட்டைக் கவனித்து, ஒரு நொடி தாமதமாகப் பதில் சொன்னார். அந்த ஒரு நொடியை யோசிக்கிற நொடி என்று ஊர் எடுத்துக்கொண்டு, அவருக்கு வயதோடு நிதானமும் வந்துவிட்டது என்று பாராட்டியது. பட்டறையில் மட்டும் ஏமாற்ற முடியவில்லை. ஸ்க்ரூடிரைவர் வழியாக அவருக்கு வந்தது வெறும் நடுக்கம். ஒரு வண்டியில் கியர் பாக்ஸ் போய்விட்டது என்று சொல்லி, மூன்று நாள் எடுத்துப் புதுசு மாற்றினார். வண்டிக்காரர் எடுத்துக்கொண்டு போனார். அதே கடகட சத்தம் தொடர, சீட்டுக்கு அடியில் கையை விட்டார். ஒரு எவர்சில்வர் டம்ளர் உருண்டுகொண்டிருந்தது. அதைக் கொண்டுவந்து பட்டறை மேடையில் வைத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் போனார். "இப்ப வர்ற இன்ஜின் எதுவும் வாயைத் திறந்து பேசறதில்லை. வளர்ப்பு சரியில்லை," என்று மெக்கானிக் டீக்கடையில் உரக்கச் சொன்னார். காது குறையக் குறைய அவர் குரல் பெருத்தது. பெருமையும் அப்படியே. மேடையில் இருந்த டம்ளரை மட்டும் அவர் எடுத்து அப்புறப்படுத்தவில்லை.

காரணத்தைக் கண்டுபிடித்தவர் மனைவி. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் ஜன்னலோர மேசையில் ஒரு ஜோடியின் கடைசி வளையத்தைக் குறடால் அழுத்தி மூடினார். அதே கணத்தில், குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்த கணவர் குழாயைத் தட்டினார். தண்ணீர் கொட்டிக்கொண்டுதான் இருந்தது. அவர் மறுபடியும் தட்டி, குனிந்து குழாயின் வாயைப் பார்த்தார். மனைவி மூடிய வளையத்தை மெதுவாகத் திறந்தார். கணவர் நிமிர்ந்தார். மூடினார். கணவர் தட்டினார். திறந்தார். நிமிர்ந்தார். நான்கு முறை செய்து பார்த்துவிட்டு, குறடை மேசையில் வைத்துவிட்டுக் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தக் கம்பியும் குண்டும் அவர் கணவர் இருபது வருஷம் காதை வைத்துக் கேட்ட இன்ஜின்களின் வயிற்றுக்குள் கிடந்தவை. கேட்ட காதை அவை மறக்கவில்லை. ஒவ்வொரு வளையம் மூடும்போதும் அதில் கொஞ்சம் இழுத்து உள்ளே வைத்துக்கொண்டன. பாலின் மேல் ஆடையை எடுப்பது போல நான்கு வருஷமாகக் கணவரின் காதை ஏடு ஏடாக எடுத்து ஊருக்குக் கொடுத்திருக்கிறோம் என்று அவருக்குப் புரிந்தது.

கணவரை எதிரே உட்கார வைத்து, முகத்துக்கு நேராகச் சொன்னார்.

"காது என்ன டீசலா, டியூபு போட்டு உறிஞ்ச?" என்று அவர் சிரித்தார்.

"விளையாடாதீங்க. ஒவ்வொரு வீடா போய் வாங்கிட்டு வந்துடறேன். வளையத்தைத் திறந்தா திரும்பி வந்துடும். நீங்களே பார்த்தீங்க இல்ல?"

"என்னத்தைப் பார்த்தேன்? குழாயில காத்து அடைச்சிருக்கு. வீடு வீடா போய் என் புருஷன் காதைக் கொடுங்கன்னு கேப்பியா? என் காதுக்கு என்ன குறை? போடி!"

மனைவி கையில் இருந்த ஜோடியைப் பிரித்துப் போட்டார். பிஸ்கட் டின்னை மூடி அலமாரியின் மேல்தட்டில் ஏற்றினார். ஆர்டர் கேட்டு வந்தவர்களிடம் கம்பி தீர்ந்துவிட்டது என்றார். பிரித்த ஜோடியால் குழாய்ச் சத்தம் மட்டும் அந்த வீட்டுக்குத் திரும்பி வந்தது. மெக்கானிக் ஒரு வாரம் தேவையில்லாமல் கை கழுவினார்.

அவருக்கு விஷயம் புரியாமல் இல்லை. எட்டாம் நாள் மத்தியானம், வெட்டுக் குறடைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, சட்டையில் ஒரு பட்டனைத் தானே பிய்த்துக்கொண்டு தையற்கடைக்குப் போனார். அந்த வீட்டைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு கணக்கு வைத்திருந்தார்: முப்பத்தாறு வருஷம் காதில்லாமல் இருந்து பழகியவருக்கு இன்னும் கொஞ்ச வருஷம் காதில்லாமல் இருப்பது ஒன்றும் புதுசில்லை. நல்ல மனுஷர்கள்கூடச் சில நாள் மத்தியானத்தில் இப்படிக் கணக்குப் போடுவார்கள். இரண்டு வளையம், இரண்டு வெட்டு, முடிந்தது. தையற்காரர் சாப்பிடப் போயிருந்தார். அவருடைய அக்கா மட்டும் ஒரு குவியல் சட்டைகளோடு நின்றுகொண்டிருந்தார்.

"வா தம்பி. பட்டன் போச்சா?"

"ஆமாக்கா. நல்லா இருந்தது, திடீர்னு கையோட வந்துடுச்சு."

அக்கா ஊசியில் நூல் கோர்த்தபடி குனிந்துகொண்டு ஏதோ கேட்டார். மெக்கானிக் தலையை ஆட்டி வைத்தார். என்ன கலர் நூல் என்று கேட்டதற்குத் தலையாட்டல் பதிலாகாது. அக்கா நிமிர்ந்து பார்த்தார். வந்த ஆளின் கண், அவர் கண்ணில் இல்லை, உதட்டில் இருந்தது. அப்படிப் பார்க்கிறவர்களை அக்காவுக்கு நன்றாகத் தெரியும். முப்பத்தாறு வருஷம் அவரே அப்படிப் பார்த்தவர். ஊசியைக் கீழே வைத்தார். தொண்டையில் சத்தமே எழுப்பாமல், உதட்டை மட்டும் அசைத்து, "எத்தனை நாளா?" என்று கேட்டார்.

"ரெண்டு வருஷமா," என்றார் மெக்கானிக்.

"சத்தமே போடாம கேட்டேன் தம்பி. பதில் சொல்லிட்டியே."

மெக்கானிக் எதிரே இருந்த துணிக் குவியலின் மேல் உட்கார்ந்துவிட்டார். அக்கா சிரித்தார். கேலியாக இல்லை, ரொம்ப நாள் கழித்துச் சொந்த ஊர்க்காரரைப் பார்த்தவர் போல. "நானும் இப்படித்தான் காலத்தை ஓட்டினேன். ஆம்பளைங்க மீசையைப் பெருசா விட்டா எனக்கு அவங்க ஊமையாகிடுவாங்க. எங்க மாமா ஒருத்தர், பாவம், பதினாறு வருஷம் என்கிட்ட ஒரு வார்த்தை பேசலை." பேசிக்கொண்டே அவர் கை காதுக்குப் போனது. தொங்கட்டானைத் தொட்டதும் நின்றது. இத்தனை நாள் அந்தக் குட்டிக் குண்டுக்குள்ளிருந்து தனக்காகக் கேட்டது எப்படிப்பட்ட காது என்று யோசித்திருக்க வேண்டும். இந்தத் தெருவில் அப்படியொரு காது ஒருவரிடம்தான் இருந்தது, அதை அவரே பலகையில் எழுதி வைத்திருந்தார்.

"இது உன்னோடதா?"

மெக்கானிக்கின் பாக்கெட்டில் குறடு கனத்தது. அக்கா கொக்கியைக் கழற்றப் போனவர், ஒரு விரலை உயர்த்தி, "ஒரு நிமிஷம் இரு," என்றார். "இந்தச் சட்டை ஆறும்போது ஒரு சத்தம் வரும். அதை மட்டும் கேட்டுட்டுத் தரேன்." அப்போதுதான் மடித்து வைத்த ஒரு வெள்ளைச் சட்டையின் மேல் குனிந்து கண்ணை மூடிக்கொண்டார். மெக்கானிக் அந்த முகத்தைப் பார்த்தார். அது அவருக்குத் தெரிந்த முகம். ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியை எலும்பில் அழுத்திக்கொண்டு தான் நிற்கும்போது வண்டிக்காரர்கள் ஏன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள் என்று அவர் ஒருநாளும் யோசித்ததில்லை. இப்போது அவரே மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சட்டை ஆற அரை நிமிஷம் ஆனது. அந்த அரை நிமிஷத்தில் அக்காவின் முகத்தில் போனதும் வந்ததும் என்ன என்று கேட்டால் அவரால் சொல்லியிருக்க முடியாது. தான் நாற்பது வருஷத்துக்கு மேல் வைத்திருந்த ஒரு பொருள் இவ்வளவு பெரியது என்று மட்டும் தெரிந்தது.

அக்கா கண்ணைத் திறந்து, கொக்கியைக் கழற்றினார்.

"மாட்டுங்கக்கா, மாட்டுங்க," என்று மெக்கானிக் எழுந்தார். "என்னோடதாமே! என் காதுக்கு என்ன குறை? உலகத்துலயே இது மாதிரி காது வேற எவனுக்கும் கிடையாது. கடைப் பலகையில போய்ப் படிச்சுப் பாருங்க."

அக்கா அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மாட்டிக்கொண்டார். பட்டனைத் தைத்துக் கொடுத்துவிட்டு, அவர் வாசலைத் தாண்டும் முன் முன்னால் வந்து நின்று, முகத்தைக் காட்டிச் சொன்னார்: "எனக்குக் காய்ச்சல் வந்தப்ப பக்கத்துக் கட்டில்ல ஒருத்தி இருந்தா. எனக்கு மாதிரியே அவளுக்கும் போச்சு. இப்ப தூரத்துல எங்கயோ இருக்கா, கடுதாசி போட்டிருக்கா. உன் வீட்டுல கம்பி தீர்ந்துடுச்சுங்கறாங்க. நீ ஒரு வார்த்தை சொல்லேன் தம்பி."

"நான் சொல்லி அவ தட்டுவாளா?" என்றார் மெக்கானிக். அவர் சொன்ன எதையும் அவர் மனைவி இருபத்தைந்து வருஷத்தில் தட்டாமல் இருந்ததில்லை.

அடுத்த நாள் மனைவி கடைக்குப் போய்த் திரும்பியபோது, அலமாரியின் மேல்தட்டிலிருந்து பிஸ்கட் டின் இறங்கியிருந்தது. ஜன்னலோர மேசையில், மகளின் சின்ன நாற்காலியில், தேவைக்கு அதிகமான உடம்போடு கணவர் உட்கார்ந்திருந்தார். லாரி அச்சைத் தூக்கும் விரல்களுக்கு நடுவே ஊசி மூக்குக் குறடு காணாமல் போயிருந்தது. தரையில் கெட்டுப்போன கொக்கிகள் ஏழு கிடந்தன. மேசையில் வாஷரும் குண்டும் சுழியுமாக இரண்டு தொங்கட்டான்கள் ஏறக்குறைய முடிந்திருந்தன. இரண்டின் கொக்கிகளும் ஒரே பக்கம் பார்த்தன. மனைவி பையைக் கீழே வைத்தார். அவர் கண்ணில் படும்படி எதிரே வந்து நின்றார்.

"ரெண்டு இடது காது இருக்கற ஆளா பார்த்துப் பிடிக்கணும்," என்றார்.

மெக்கானிக் ஒரு கொக்கியைப் பிரித்து அந்தப் பக்கம் வளைத்தார். மனைவி குறடைப் பிடுங்கப் பார்த்தார். அவர் தரவில்லை. "மிச்சம் இருக்கறதும் போயிடும்ங்க," என்று மனைவி சொன்னதை அவர் பார்த்தார், பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார். ஒரு வளையம் மூடியது. குழாய் நின்றது. அடுத்தது மூடியது. தெரு நின்றது. மூன்றாவதில் அவருடைய சொந்த மூச்சு நின்றுபோனது போல இருந்தது, நெஞ்சில் கை வைத்துப் பார்த்துக்கொண்டார். கடைசி வளையத்தைக் குறடு அழுத்தியபோது 'டிக்' என்று ஒரு பொடிச் சத்தம். அது முடிகிற இடத்தில் எல்லாம் முடிந்தது. முடித்த ஜோடியை ஒரு பழைய கவரில் போட்டு, தையற்காரரின் அக்கா பெயரை எழுதி ஒட்டினார். கவர் ஒட்டும்போது அவருக்குப் பெருமையாக இருந்தது. தொழிலில் முதல் முறையாக ஒரு பெருமையை யாரிடமும் சொல்லாமல் வைத்துக்கொண்டார்.

மனைவி அழவில்லை. சமையலறைக்குள் போனார், வந்தார். ஊரில் இருக்கும் எல்லா ஜோடிகளும் யார் யார் காதிலோ இருந்தன. திறக்க ஒரு வளையம்கூட வீட்டில் இல்லை என்று நினைத்தவரின் கண், காலண்டர் ஆணியில் போய் நின்றது. முதல் ஜோடி. தப்பாகச் செய்தது, அதனால் அதற்குள் எதுவும் இருக்காது என்று இரண்டு பேரும் நினைத்திருந்தது. ஆனால் ஏடு எடுத்தால் முதல் ஏடுதான் கெட்டி. அவர் ஆணியிலிருந்து அதைப் பறித்து, மேசையில் வைத்து, வெட்டுக் குறடை வளையத்தில் பொருத்தினார். அந்தக் கையின்மேல் கணவரின் கை வந்து விழுந்தது.

"வெட்டாதே," என்றார். தன் குரல் தனக்குக் கேட்காததால் தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். "முதல்ல செஞ்சது."

பிறகு எழுந்துபோய்க் கருவிப் பெட்டியைக் கிளறினார். அவர் காதில் துளை கிடையாது. பெட்ரோல் டியூபை இறுக்கும் குட்டி கிளிப் இரண்டை எடுத்துவந்து, தொங்கட்டானை அவற்றில் கோர்த்து, ஒன்றை இடது காதிலும் ஒன்றை வலது காதிலும் வைத்துத் திருகினார். திருகும்போது பல்லைக் கடித்துக்கொண்டார்.

இடது காது முன்னால் பார்த்தது. அதன் வழியாக முதலில் வந்தது உப்பு. ஜன்னலோரம் ஒரு கிண்ணத்தில் ஈரம் பட்ட உப்பு தன்னைத்தானே கரைத்துக்கொள்ளும் சத்தம். அதற்குப் பின்னால் சுவரில் வெயில் நகரும் சத்தம், மூன்று தெரு தள்ளிப் பட்டறையின் தகரக் கூரையில் துரு ஒரு அணு அளவு முன்னேறும் சத்தம், அதற்கும் அப்பால் எங்கோ மலைப்பாதையில் ஒரு லாரி இரண்டாம் கியருக்கு மாறி, வால்வு கொஞ்சம் இறுக்கம் என்று முனகிக்கொண்டே ஏறுவது. நான்கு வருஷம் ஆணியில் சும்மா தொங்கிய காது, பசியோடு இருந்தது. மெக்கானிக் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். வலது காது பின்னால் திரும்பியிருந்தது. அதனால் அது, அவருக்குப் பின்னால் பேசப்பட்டதை எல்லாம் கேட்டது. இன்றைக்குப் பேசியதை மட்டும் இல்லை, அவர் திரும்பிப் பார்க்காத அத்தனை வருஷங்களையும். டீக்கடையில் அவர் எழுந்துபோன பிறகு வந்த சிரிப்புகள் வரிசையாக வந்தன. அவற்றை அவர் பெருந்தன்மையாகக் கடந்து போனார். அப்புறம் மனைவியின் குரல் வந்தது, முதுகைப் பார்த்துப் பேசிய குரல். பதில் வராது என்று தெரிந்த பிறகும் நிறுத்தாமல் கேட்டுக்கொண்டே இருந்த கேள்விகள்.

அவர் மேசையில் கையை ஊன்றி உட்கார்ந்து, ஒவ்வொன்றாகப் பதில் சொல்லத் தொடங்கினார். "ஆமா, ஜன்னலைச் சாத்திடலாம், சாரல் அடிக்குது. இல்ல, உங்க சித்தப்பாவுக்கு அந்தச் சட்டை பத்தாது. தெரியும், அன்னைக்கு சாப்பாட்டுல உப்பே இல்ல, நானா எதுக்குச் சொல்லணும்னு விட்டுட்டேன். அவ கோவப்பட்டது நியாயம்தான், பொண்ணு மேல தப்பில்ல." மனைவி முதலில் புரியாமல் நின்றார். சாரல் அடித்தது இரண்டு வருஷத்துக்கு முன்னால். சித்தப்பா அந்தச் சட்டையைப் போட்டுக் கிழித்தே ஒரு வருஷம் ஆகியிருந்தது. பிறகு புரிந்தது. எதிரே உட்கார்ந்தார். பதில்கள் சாயங்காலம் வரை வந்தன, மறுநாளும் வந்தன. சில கேள்விகளைக் கேட்ட மனைவியே மறந்துபோயிருந்தார். பதிலைக் கேட்டுத்தான் என்ன கேட்டோம் என்று ஞாபகம் வந்தது. மறுநாள் மத்தியானம் மெக்கானிக் ஒரு இடத்தில் நின்றுவிட்டார். அந்தக் கேள்வியை மனைவி ஒருமுறைதான் கேட்டிருந்தார், அதுவும் பாத்திரம் துலக்கும் சத்தத்துக்கு நடுவே, பாதிக் குரலில்: என்கூடப் பேசவே உங்களுக்குப் பிடிக்கலையா? அவர் ரொம்ப நேரம் மேசையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"காது கேக்கலை," என்றார் கடைசியில். "அதான்."

உலகத்திலேயே மிகக் கூர்மையான காதைப் பற்றி அதன் சொந்தக்காரர் தானாகச் சொன்ன முதல் குறை அது. அவர் மனைவி எழுந்துபோய், காலண்டரை நேராக மாட்டினார். அது நேராகத்தான் இருந்தது.

தூரத்து ஊரிலிருந்து பத்து நாளில் தையற்காரரின் அக்காவுக்குக் கடுதாசி வந்தது. அதில் ஒரே ஒரு வரி இருந்ததாகச் சொன்னார். என்ன வரி என்று யாருக்கும் சொல்லவில்லை. மெக்கானிக்கின் வீட்டில் கம்பி மறுபடியும் கிடைக்க ஆரம்பித்தது. புதிய தொங்கட்டான்களும் முன்பு போலவே நன்றாகக் கேட்டன. அவரிடமிருந்து எடுக்க எதுவும் இல்லாத நிலையில் அவை எங்கிருந்து எடுத்தன என்று யாரும் விசாரிக்கவில்லை. அந்த வருஷத்திலிருந்து பஸ்களின் ஹாரன் மட்டும் கொஞ்சம் மென்மையாக ஒலித்ததாகச் சொல்வார்கள். மெக்கானிக் கடந்துபோன பிறகு அவரைப் பற்றிப் பேசுவதை அந்தத் தெரு விட்டுவிட்டது. பேச வேண்டும் என்றால் நேரிலேயே பேசினார்கள். அது வசதியாகத்தான் இருந்தது. இரண்டு காதிலும் டியூப் கிளிப்போடு அவர் இன்ஜின் மேல் குனிவதை முதல் நாள் நான்கு பேர் நின்று பார்த்தார்கள், இரண்டாம் நாள் ஒருவர். பிறகு, தொங்கட்டான் போடாத மெக்கானிக்குகளிடம் வண்டியை விட ஜனங்கள் யோசித்தார்கள்.

கிளிப் மாட்டிய மூன்றாம் நாள் காலையில், கடை திறந்ததும், அவர் ஏணியைப் போட்டு ஏறி நீலப் பலகையைக் கழற்றித் திருப்பி மாட்டினார். துருப் பிடித்த வெறும் தகரம் தெருவைப் பார்த்தது. எதிரே டீக்கடைக்காரர் அதைப் பார்த்தார். ஈரத் துணியை எடுத்து உள்சுவரில் இருந்த சாக்பீஸ் எழுத்தைத் துடைத்தார். இடம் வெள்ளையாக இருந்தது, அதில் தேங்காய் எண்ணெய் விளம்பரம் ஒன்றை ஒட்டினார். பிறகு ஒரு டீயை ஆற்றி எடுத்துக்கொண்டு தெருவைத் தாண்டிப் போய்ப் பட்டறை மேடையில், அந்தப் பழைய எவர்சில்வர் டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தார். மெக்கானிக் நிமிரவில்லை. பிரித்துப் போட்ட இரண்டு இன்ஜின்களுக்கு நடுவே முக்காலியில் உட்கார்ந்து, செப்புக் கம்பியில் முதல் கொக்கியை இந்தப் பக்கம் வளைத்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். இரண்டாவதை எடுத்து, அந்தப் பக்கம் வளைத்தார்.